சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று பரிசு வாங்கிய பிள்ளைகள் கையிலே புத்தகம் இருக்கிறது. புத்தகம் பரீட்சைக்கு மட்டுந்தானா? இல்லை. மனிதனை மனிதன் இனத்தைச் சொல்லித் தாழ்த்தும்போது நிமிர்ந்து நிற்கவும் அதுவே துணை.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு, கள்ளுக்கடையை மூடு. இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரைமார் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழி! இதில் காசு ஒன்றுமில்லை, மானம் இருக்கிறது. முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணிபுரிந்தவர். அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் பாட்டாளிகள் உயிர் நீத்தார்கள்.

வெள்ளைக்காரன் நம்மை மட்டுமா தாழ்த்தினான்? மலாய்க்காரரைச் 'சோம்பேறி' என்று எழுதிவைத்தான். சையது உசேன் அலத்தாஸ் என்ற அறிஞர் பழைய ஏடுகளையெல்லாம் புரட்டிப் படித்து, 1977-இல் அதற்கு ஒரு நூலாலே பதில் சொன்னார். மலாய்க்காரர் தம் வயலிலும் கடலிலும் உழைத்தார்கள். துரையின் தோட்டத்துக்குக் கூலியாக வர மறுத்தார்கள். அதனால்தான் அந்தப் பட்டம் என்று காட்டினார். பார்த்தீர்களா? ஒரு இனத்தைப் பற்றிப் பரப்பிய பொய்யைப் படிப்பாலேயே உடைத்தார்!

2011-இல் 'இண்டர்லோக்' என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாக வந்தது. இந்தியரைச் சாதிச் சொல்லால் குறித்ததற்காக எதிர்ப்பு எழுந்து, அந்த ஆண்டின் இறுதியில் அதைப் பாடத்திலிருந்து நீக்கினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் வெறும் கூச்சல் போதாது. நூலை முழுக்கப் படித்து, எந்தப் பக்கத்தில் எது தவறு என்று மலாய்மொழியிலேயே எடுத்துச் சொல்கிறவன் பேச்சுதான் எடுபடும். ஆகவே தமிழோடு தேசிய மொழியையும் நன்றாகப் படியுங்கள்.

அதே கையோடு நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். புத்தகத்திலே வந்த சொல் நமக்குச் சுட்டது. கல்யாணம் பேசப் போனால், "அவங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறோமே, அது மட்டும் சுடாதா? இன்று தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வங்காளதேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர் வேலை செய்கிறார்கள். நம் தாத்தாவைக் 'கூலி' என்று அழைத்த அதே குரலில் நாம் அவர்களைக் கூப்பிடலாமா? அவர்களுக்கும் தாய் வைத்த பெயர் உண்டு. அதைக் கேட்டு, அப்படியே அழையுங்கள்.

மாணவச் செல்வங்களே! யாராவது ஒரு இனத்தை இழிவாகப் பேசினால் கையை ஓங்காதீர்கள். "இதை யார் சொன்னது? எங்கே படித்தாய்?" என்று கேளுங்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் நண்பனே வேறொருவனைக் கேலி செய்தாலும் வாய்மூடி இருக்காதீர்கள். அங்கேதான் உண்மையான துணிவு வேண்டும். மாதம் ஒருமுறையாவது ஜொகூர் பாரு பொது நூலகத்துக்குப் போய், மற்ற இனத்தார் வரலாற்றிலும் ஒரு புத்தகம் எடுத்துப் படியுங்கள்.

பெற்றோர்களே! 1950-களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேரவேண்டும் என்று பாட்டாளிகள் ஆளுக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். நீங்கள் வெள்ளி கொடுக்கவேண்டாம். பத்து நிமிடம் கொடுங்கள். வேலை முடிந்து வந்ததும், "தம்பி, இன்னைக்குப் படிச்சதைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுப்பா" என்று கேளுங்கள். எழுத்துத் தெரியாத தாயும் கேட்கலாம். கேட்க ஆள் இருந்தால் பிள்ளை படிக்கும்.

அன்று கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பிறர் முன் குனியவும் வேண்டாம். பிறரைக் குனிய வைக்கவும் வேண்டாம்.

வளர்க தெப்ராவ் தமிழ்ப் பிள்ளைகள்! வாழ்க தமிழ்!