வாக்காளர் பட்டியலும் கல்லூரி நூலகமும்

(கல்லூரி நூலகர்களுக்கும் நாட்டு நலப் பணித் திட்ட அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வாக்குரிமையை வழங்குவது அரசியல் சட்டம். அவ்வுரிமையைப் பயன்படுத்த வழி செய்வது வாக்காளர் பட்டியல். குடியுரிமையும் வயதும் நிறைந்திருந்தும் பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர், தேர்தல் நாளன்று வேடிக்கை பார்க்க மட்டுமே இயலும். சுதந்திர இந்தியா இந்த உண்மையை முதல் பொதுத் தேர்தலிலேயே உணர்ந்தது. 1951–52 தேர்தலுக்கான பட்டியலில் சுமார் 17 கோடிப் பேர் இடம் பெற்றனர். ஆயினும், தம் சொந்தப் பெயரைக் கூறாது இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே பதிவான ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. வாக்குரிமை அவர்களுக்கு இருந்தது; பதிவு இல்லை.

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போது வாக்காளர் தொகை சுமார் 97 கோடியை எட்டியது. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த அரசியல் சட்டத்தின் 61ஆவது திருத்தம் 1989 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்து ஒரு தலைமுறைக் காலம் கடந்துவிட்டது. இருப்பினும், 2024-ல் பட்டியலில் இருந்த 18, 19 வயதினர் சுமார் 1.8 கோடிப் பேர் மட்டுமே. அவ்வயதினரின் மதிப்பிடப்பட்ட மொத்தத் தொகையில் இது பாதிக்கும் குறைவு. உயர்கல்வி நிலையங்களில் 2021–22-ல் பயின்றோர் தொகையோ 4.33 கோடி. எனவே, விடுபட்டவர்களில் கணிசமான பகுதியினரைக் கல்லூரி வளாகங்களிலேயே சந்திக்க இயலும்.

தடையாக நிற்பவை

இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். பொருளாதார நோக்கில் பார்ப்பின் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் செலவு உண்டு. எந்தப் படிவம், எந்த முகவரி, எந்தச் சான்று, எவரிடம் கேட்பது என்பவற்றை அறிய ஆகும் நேரமே அச்செலவு. தனித்தனியே சிறியவையான இத்தடைகள் ஒன்று சேரும்போது, தேர்வும் விடுதி வாழ்க்கையுமாக நாட்களைக் கழிக்கும் மாணவர், "அடுத்த தேர்தலுக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுகிறார்.

சட்டம் இப்போது ஓரளவு இளகியுள்ளது. முன்னர் ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது. ஜனவரி 2-ல் பதினெட்டு வயது நிறைந்தவர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-ல் நிறைவேறிய திருத்தச் சட்டத்தின்படி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாட்களும் தகுதி நாட்களாயின. பதினேழு வயது கடந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் 2022 முதல் வழி உள்ளது. கல்லூரியில் சேரும் மாணவர்களில் மிகப் பலர் இந்த வயதினரே.

விடுதியா, சொந்த ஊரா?

மாணவரிடம் எழும் முதற்கேள்வி முகவரியைப் பற்றியது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் தாம் சாதாரணமாகக் குடியிருக்கும் தொகுதியில் பதிவு பெறலாம். ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் பதிவு பெற இயலாது. பாட்னாவிலிருந்து தில்லிக்கும், இம்பாலிலிருந்து பெங்களூருக்கும் படிக்கச் செல்லும் மாணவர் எங்குக் குடியிருப்பவர்?

தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைகள் இதற்கு விடை தருகின்றன. அங்கீகாரம் பெற்ற, ஓராண்டுக்குக் குறையாத படிப்பில் சேர்ந்து, விடுதியிலோ வேறு இடத்திலோ தங்கிப் பயிலும் மாணவர், பெற்றோருடன் வாழ்ந்த சொந்த ஊரிலோ தாம் தங்கியுள்ள முகவரியிலோ பதிவு செய்துகொள்ளலாம். பின்னதைத் தேர்ந்தால், கல்வி நிலையத் தலைவர் அல்லது பதிவாளர் போன்றவரிடம் போனஃபைடு சான்றிதழ் பெற்று விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும்.

இரு வழிகளிலும் நன்மையும் இழப்பும் உள்ளன. மாணவர்களுக்கென அஞ்சல் வாக்கு வசதி கிடையாது. சொந்த ஊரில் பெயர் உள்ளவர் வாக்களிக்கப் பயணம் செய்தாக வேண்டும். பயணச் செலவும், தேர்வு அட்டவணையும் குறுக்கிடக்கூடும். விடுதி முகவரியில் பதிந்தவர் நடந்து சென்றே வாக்களிக்கலாம். ஆனால் தம் ஊரின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கில்லை. பல மாநிலங்களில் உள்ளாட்சித் தேர்தல் பட்டியல்கள் சட்டமன்றப் பட்டியலை அடியொற்றித் தயாராவதால், ஊராட்சித் தேர்தலிலும் இந்த இழப்பு நேரிடலாம். எது சரியென்று முடிவு செய்யும் உரிமை மாணவருடையது. இரு பக்கங்களையும் எடுத்துரைப்பதோடு ஆலோசகரின் கடமை முடிகிறது.

நூலகத்தின் தகுதி

கல்லூரி வளாகத்தில் இப்பணிக்கு ஏற்ற இடம் எது? முதல்வர் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தால் மட்டுமே மாணவர் செல்வார். துறை அலுவலகம் ஒரு துறைக்கு உரியது. மாணவர் மன்றம் பல இடங்களில் கட்சிச் சார்பு உடையது. நூலகமோ எல்லாத் துறையினரும் நாள்தோறும் வந்துபோகும் இடம், மாலையிலும் திறந்திருப்பது. கணினியும் நகல் எடுக்கும் வசதியும் அங்குப் பெரும்பாலும் உண்டு. எவரையும் எக்கட்சி எனக் கேளாமல் நூலை எடுத்துத் தருவது நூலகரின் தொழில் மரபு. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். இரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியதாகும். பதிவுக்கு உள்ள பெருந்தடை நேரச் செலவே எனில், அதைக் குறைப்பது நூலகப் பணியின் இயல்பான விரிவேயாகும்.

மேலும், ஒவ்வொரு மாணவரும் இருமுறை தவறாமல் நூலகத்திற்கு வந்தாக வேண்டும்: சேர்ந்தவுடன் உறுப்பினர் அட்டை பெறவும், படிப்பு முடிந்ததும் நிலுவையின்மைச் சான்று பெறவும். வாக்காளர் பட்டியலிலும் இவை இரண்டுமே முக்கியமான தருணங்கள். முதல் வருகையில் புதிய பதிவுக்கான படிவம் 6 பற்றியும், இறுதி வருகையில் முகவரி மாற்றத்திற்கான படிவம் 8 பற்றியும் ஒரு துண்டறிக்கை தரலாம். விடுதியை விட்டுச் சென்ற பின்னும் அங்கேயே பெயர் நிற்பது பட்டியலின் தூய்மைக்கும் மாணவரின் வாக்குக்கும் ஊறு விளைவிக்கும். 2025-ல் பீகாரில் நடைபெற்ற சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, இறந்தோர், இடம்பெயர்ந்தோர், இரட்டைப் பதிவு உடையோர் எனப் பல்வேறு காரணங்களால் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் வரைவுப் பட்டியலில் இடம் பெறவில்லை. ஊரை விட்டு வெளியே வாழ்வோர் தம் பெயரை அவ்வப்போது சரிபார்ப்பதன் தேவையை இது உணர்த்துகிறது.

செயல்முறை

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஒரு மேசை, இணைய இணைப்புள்ள ஒரு கணினி, பயிற்சி பெற்ற இரண்டு மாணவத் தொண்டர்கள் போதும். தகுதி நாட்களையும், உதவி எண்ணான 1950-ஐயும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். போனஃபைடு சான்றிதழுக்கான கோரிக்கைகளை வாரம் ஒருமுறை தொகுத்து அலுவலகத்திற்கு அனுப்பி, குறித்த நாளில் வழங்க ஏற்பாடு செய்யலாம். வாக்குச் சாவடி நிலை அலுவலர் சரிபார்ப்புக்காக விடுதிக்கு வரும் நேரத்தில் மாணவர் வகுப்பில் இருப்பார். "ஆள் இல்லை" என்ற குறிப்புடன் விண்ணப்பம் திரும்பக்கூடும். ஆகவே, அவ்வலுவலரை ஒரு குறிப்பிட்ட மாலையில் நூலகத்திற்கே வரவழைப்பது நலம். 2018-ல் தொடங்கப்பட்ட வாக்காளர் கல்வி மன்றங்கள் உள்ள கல்லூரிகளில் இப்பொறுப்பை அவற்றுடன் பகிர்ந்துகொள்ளலாம்.

காலமும் கருதத்தக்கது. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு, அத்தேர்தலுக்குப் புதிய பெயர் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. ஆட்சேபணைகளுக்கு ஏழு நாள் ஒதுக்க வேண்டியிருப்பதால், அதற்குப் பல நாட்கள் முன்னதாகவே விண்ணப்பம் சேர்ந்திருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வெளிவந்த பின் விழித்துக்கொள்வதை விட, கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பணியை முடிப்பது சிறந்தது.

எல்லைகள்

சில வரம்புகளை நூலகம் கடைப்பிடித்தல் அவசியம். பலரது விண்ணப்பங்களை ஒருவரே மொத்தமாகக் கொண்டு சேர்ப்பதை ஆணையம் ஏற்பதில்லை. ஒவ்வொரு மாணவரும் தம் விண்ணப்பத்தைத் தாமே செலுத்த வேண்டும். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்பதையும், பழைய பதிவு இருந்தால் அதை மறைக்கலாகாது என்பதையும் தெளிவாகக் கூற வேண்டும். மாணவரின் சான்று நகல்களை நூலகம் வைத்துக்கொள்ளலாகாது. வேட்பாளர், கட்சி பற்றிய பேச்சுக்கு அம்மேசையில் இடம் இருத்தல் ஆகாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மாவட்ட நடுவரான ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு என்பதை அறிவிப்பதும் இப்பணியில் அடங்கும்.

வாக்காளர் அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும் என்பதே இளைஞர்கள் மனத்தில் பதிய வேண்டிய முதற்பாடம். தேர்தல் ஆணையம் 1950-ல் தோன்றிய ஜனவரி 25, 2011 முதல் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் உறுதிமொழி ஏற்கும் கல்லூரி, ஆண்டின் மற்ற நாட்களில் நூலக மேசை ஒன்றைத் திறந்து வைக்குமாயின், அவ்வுறுதிமொழி செயல்வடிவம் பெறும். முதல் தேர்தலில் பெயரின்றி விடுபட்டோரின் நிலை, கற்ற இளைஞர்க்கு நேராதிருக்க அது துணை புரியும்.