துலூஸ் நகரத்துப் பொன்மலர்



பிரான்சின் தென்பகுதியில், கரோன் ஆற்றங்கரையில், செங்கல்லால் எழுந்த நகரம் துலூஸ். அவ்வட்டாரத்தில் கட்டடக்கல் அரிது, களிமண் மிகுதி. ஆதலால் கோயிலும் மாளிகையும் கடைவீதியும் செங்கல்லிலேயே அமைந்தன. மாலை வெயில் அச்சுவர்களுக்கு ஏற்றும் நிறத்தைக் கண்டு பிரெஞ்சுக்காரர் இதனை 'இளஞ்சிவப்பு நகரம்' என்று வழங்குவர். இந்நாளில் விமானத் தொழிலால் உலகறிந்த ஊர் அது. கான்கார்டு விமானம் 1969 மார்ச் 2 அன்று முதன்முதலாக வானில் எழுந்தது அங்கிருந்துதான். ஆயினும், ஓர் இலக்கிய மன்றம் பத்தாண்டு நிறைவு காணும் வேளையில் இந்நகரை நினைப்பதற்குக் காரணம் வேறு. கவிஞர் எழுவர் 1323இல் தொடங்கிய மன்றம் அங்கே இன்றும் இயங்கி வருகிறது. அம்மன்றம் எந்த மொழிக்காகத் தோன்றியதோ அந்த மொழிக்கு நேர்ந்ததே இவ்வுரையின் பொருள்.

ஊர் காண வருவோர் முதலில் சேருமிடம் காப்பித்தோல் சதுக்கம். நகராட்சி மாளிகையின் முகப்பில் எட்டுப் பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. நகரை ஆண்ட எண்மர் குழுவை அவை குறிக்கும். சிறிது தொலைவில் புனித செர்னின் பேராலயம். 1096இல் திருத்தந்தை இரண்டாம் உர்பானால் திருநிலைப்படுத்தப்பெற்றது. மத்தியதரைக் கடலை நோக்கிச் செல்லும் மிதி கால்வாயும் காணத்தக்கதே. 1666இல் அப்பெரும்பணியைத் தொடங்கிய ரிக்கே, 1681இல் அது முடிவதற்குச் சில திங்கள் முன்பே மறைந்தார்.

இவற்றினும் நெடுநேரம் நிற்கச் செய்வது ஜக்கோபின் ஆலயம். உள்ளே ஒற்றைத் தூண் ஒன்று உயர்ந்து சென்று, உச்சியில் 22 கிளைகளாக விரிந்து கூரையைத் தாங்குகிறது. ஊரார் அதற்கு இட்ட பெயரும் பனைமரம் என்பதே. பீடத்தின் கீழ் இறையியல் மேதை தாமஸ் அக்குவினாசின் எச்சங்கள் உள்ளன. அழகில் ஆழ்ந்தவர் ஒன்றை மறந்துவிடுவர். இவ்வாலயத்தைக் கட்டிய தொமினிக்கர் சபை இதே நகரில் 1215இல் தோன்றியது. கத்தார் என்னும் மாற்றுச் சமயத்தாரைத் திருத்துவதே அதன் முதல் நோக்கம். 1233இல் சமய விசாரணை மன்றம் அச்சபையார் கையில் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் கற்பனையூறும் தூணின் நிழலில் அச்சமும் குடியிருந்தது.

அக்காலத்தில் தென்னாட்டார் பேசியது பிரெஞ்சு அன்று, ஒக்சிதான் மொழி. 'ஆம்' என்பதற்கு அவர்கள் 'ஒக்' என்றனர். அதுவே மொழியின் பெயராயிற்று. இத்தாலியப் பெருங்கவி தாந்தே மொழிகளைப் பிரித்துக் காட்டியதும் இந்த 'ஆம்' என்னும் சொல்லைக் கொண்டே. துருபதூர் எனப்பட்ட பாணர்கள் அம்மொழியில் காதலைப் பாடினர். பிரபுக்களின் அரண்மனைகள் அவர்களைப் புரந்தன. தாந்தே தம் பெருங்காப்பியத்தில் ஆர்னோ தானியேல் என்னும் துருபதூரை அவருடைய தாய்மொழியிலேயே பேச வைத்தார். அதனினும் பெரிய மரியாதை ஒரு மொழிக்குக் கிடைத்தல் அரிது.

1209இல் கத்தாருக்கு எதிரான சிலுவைப் போர் மூண்டது. படைத்தலைவன் சிமோன் தெ மோன்போர் 1218இல் துலூஸை முற்றுகையிட்டபோது, மதிலுள்ளிருந்து வந்த கவண்கல் பட்டு மாண்டான். அப்பொறியை இயக்கியவர் நகரத்துப் பெண்டிர் என்கிறது அப்போரைப் பாடிய ஒக்சிதான் காவியம். ஆயினும் 1229இல் துலூஸ் பணிந்தது. 1271இல் பிரெஞ்சு அரசுடன் இணைந்தது. புரவலர் வீழ்ந்தனர், பாணர் சிதறினர்.

பாட்டு மறையும் என்று அஞ்சிய காலத்தில்தான் எழுவர் ஒன்றுகூடினர். அவர்களுள் வணிகர் உண்டு, நாணயம் மாற்றுவோர் உண்டு, ஆவணம் எழுதுவோர் ஒருவரும் உண்டு. அரண்மனையை இழந்த கவிதைக்கு ஒரு தோட்டத்தில் இடம் தந்தவர்கள் இந்த நகரமாந்தர். கவிஞர் அனைவரையும் அழைத்துச் செய்யுளிலேயே மடல் விடுத்தனர். 1324 மே மாதம் முதல் போட்டி நடந்தது. பொன்னால் செய்த ஊதாப்பூவைப் பரிசாகப் பெற்றவர் ஆர்னோ விதால். அவர் பாடியது கன்னி மரியாளை. காதலியைப் பாடிய மரபு இறையன்னையைப் பாடத் திரும்பியதில், விசாரணை மன்றத்தின் நிழலைக் காணாதிருக்க இயலாது. பின்னர் கில்யேம் மொலினியே 'காதலின் விதிகள்' என்னும் நூலைத் தொகுத்தார். காதல் என்றது இங்கே கவிதையை. நூலோ இலக்கணமும் யாப்பும். அம்மன்றத்துப் பாடல்களில் பழைய துருபதூர்களின் வெம்மை இல்லை என்று திறனாய்வாளர் குறை கூறுவர். குறை உண்மைதான். ஆனால் விதியை எழுதி வைத்தவர்கள் இல்லையெனில், பின்வந்தவர்க்குப் பற்றிக்கொள்ள என்ன எஞ்சியிருக்கும்?

வீழ்ச்சி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1539இல் அரசாணை ஒன்று நீதிமன்ற ஆவணங்களுக்குப் பிரெஞ்சை விதித்தது. மன்றமோ அந்நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கவிதைகளுக்கு மலர்களை வழங்கப் பழகிவிட்டது. 1694இல் பதினான்காம் லூயி அதனை அரச அங்கீகாரம் பெற்ற கழகமாக உயர்த்தினார். தோற்றுவித்த மொழிக்கு அங்கே இடமில்லாது போயிற்று. இதற்கிடையே கிளெமான்ஸ் இசோர் என்னும் சீமாட்டியே மன்றத்தின் புரவலர் என்று ஒரு கதையும் வளர்ந்தது. அப்படி ஒருவர் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. இருந்தும் அவருக்குச் சிலை உண்டு. உண்மையாய் வாழ்ந்த எழுவரின் பெயரைச் சொல்வார் சிலரே. 1819இல் பதினேழு வயது விக்தோர் ஹியூகோ அங்கே பொன்மலர் வென்றார்; பிரெஞ்சுக் கவிதைக்குத்தான்.

எனினும் மக்கள் நாவில் மொழி நின்றது. பெயிரே கொதொலின் 1617இல் துலூஸ் வழக்கிலேயே நூல் வெளியிட்டுப் பெரும் புகழ் பெற்றார். வில்சன் சதுக்கத்தில் அவருடைய சிலையை இன்றும் காணலாம். கடைசி அடி பள்ளிக்கூடத்தில் விழுந்தது. கட்டாயக் கல்வி பரவிய 19ஆம் நூற்றாண்டில், வீட்டு மொழியில் பேசிய பிள்ளையின் கையில் ஓர் அடையாளப்பொருளைத் தருவர். அதே குற்றம் செய்யும் தோழனைக் கண்டால் அவனிடம் அதை மாற்றிவிடலாம். மாலையில் அது யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. ஒரு மொழியை அழிக்க அம்மொழிப் பிள்ளைகளையே ஒற்றராக்கிய இம்முறைக்கு எந்தப் போரும் ஈடாகாது.

மன்றம் இன்று இயங்குமிடம் அசேசா மாளிகை. 1555இல் அதனைக் கட்டத் தொடங்கிய பியேர் அசேசா, பாஸ்தெல் என்னும் செடியின் இலையிலிருந்து எடுத்த நீலச்சாய வணிகத்தில் செழித்தவர். அவ்வணிகத்தை உள்நாட்டுப் போர்கள் நலிவித்தன; எஞ்சியதை நம் நாட்டு அவுரி மெல்ல வென்றது. 1895இல் மன்றம் ஒக்சிதான் கவிதைக்கு மீண்டும் கதவு திறந்தது. 201 ஆண்டுக்குப் பிறகு! மே 3 அன்று பொன்மலர்கள் தொராத் ஆலயத்தில் ஆசி பெற்றுக் கழகத்துக்கு வருகின்றன. இரு மொழிக் கவிஞர்க்கும் உரியவை அவை. 1951இல் சட்டம் அம்மொழியைப் பள்ளியில் கற்பிக்க இசைந்தது. 1979 முதல் கலாந்திரேத்தா என்னும் பள்ளிகளில் அம்மொழியே பயிற்றுமொழியாயிற்று. யுனெஸ்கோவின் அழிவுநிலை மொழிகள் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. ஆயினும் 2009 முதல் துலூஸின் சுரங்க இரயிலில் நிலையங்களின் பெயர்கள் பிரெஞ்சிலும், அதனை அடுத்து ஒக்சிதானிலும் ஒலிக்கின்றன. முதலில் அதைக் கேட்டுச் சிரித்த பயணியரும் இருந்தனர். தம் பாட்டியின் குரலைக் கேட்டாற்போல் நிமிர்ந்து பார்த்தவர்களும் இருந்திருப்பர்.