விதைக்கும் முன்னர் விதையைச் சோதிப்போம்

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

1974 இல், துன் அப்துல் ரசாக் அவர்கள் பிரதமராக இருந்த காலத்தில், பச்சைப் புத்தகத் திட்டம் தொடங்கப்பெற்றது. வெற்று நிலங்களில் காய்கறி பயிரிடுமாறு மக்கள் அப்போது ஊக்குவிக்கப்பட்டனர். அத்திட்டத்திற்கு முன்னும் பின்னும், காலையில் பால்வெட்டி முடித்து மாலையில் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டி பிடித்த குடும்பங்கள் தோட்டந்தோறும் உண்டு.

பாத்தி கட்டி, எருவிட்டு, விதையூன்றி, நாள்தோறும் நீர் ஊற்றிய பின்னும் முளை தோன்றவில்லையெனில் பழி யார்மேல் விழுகின்றது? மண்ணின்மேல், மழையின்மேல், சில வீடுகளில் விதையூன்றிய பெண்ணின்மேல்! "அவளுக்குக் கைராசி இல்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். குற்றம் விதையிலேயே இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

விதை உயிருள்ள பொருள். அதனுள் ஒரு சிறு செடியும் அதற்கு வேண்டிய உணவும் அடங்கியுள்ளன. அது மூச்சு விடுகின்றது, மூப்பும் அடைகின்றது. வெப்பமும் ஈரமும் அம்மூப்பை விரைவுபடுத்தும். நம் நாட்டில் இவ்விரண்டிற்கும் குறைவில்லை. ஆகவே, கடையில் நெடுநாள் கிடந்த பொட்டலமும், அடுப்பருகே தொங்கிய விதைமுடிச்சும் வெளித்தோற்றத்தில் நன்றாக இருந்தும் உள்ளே உயிரிழந்திருக்கலாம்.

விதையில் நாம் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று முளைப்புத் திறன், மற்றொன்று வீரியம். இவற்றின் வேறுபாட்டைக் காலைப் பெரட்டைக் கொண்டே விளக்கலாம். இரு குழுக்களில் எண்பது எண்பது பேர் வேலைக்கு வருகின்றனர் எனக் கொள்வோம். ஒரு குழு மணியடித்தவுடன் வந்து நிற்கின்றது. மற்றக் குழுவோ ஒருவர் பின் ஒருவராக நண்பகல்வரை வந்து சேர்கின்றது. தலை எண்ணிக்கை ஒன்றே, வேலை ஒன்றாகுமா? விதையும் அவ்வாறே. ஒருங்கே, விரைந்து, தடித்த முளையுடன் எழுவது வீரியமுள்ள விதை. தயங்கித் தயங்கி முளைப்பது, அடைமழையிலும் அழுகல் நோயிலும் எளிதில் மடிந்துவிடும்.

விதைச் சோதனை இன்று நேற்றுத் தோன்றியதன்று. செருமனியின் தாரந்து என்னும் ஊரில் 1869 இல் பிரீட்ரிக் நோபே என்னும் அறிஞர் விதைச் சோதனை நிலையம் ஒன்றை நிறுவினார். அத்தகைய நிலையங்களில் கருவிகள் பல உண்டு. நமக்கு ஒரு பழந்துணியே போதும். முறையைச் சொல்கின்றேன்.

விதையை நன்கு கலந்து, நல்லவை தீயவை என்று பொறுக்காமல், நூறு விதைகளை எண்ணி எடுங்கள். துணியை நனைத்து, நீர் சொட்டாதவாறு பிழிந்து விரியுங்கள். வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை அடுக்கி, மெல்லச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் தளர்வாக இட்டு நிழலில் வையுங்கள். துணி காயவும் கூடாது. நீரில் ஊறவும் கூடாது. நீர் மிகுந்தால் விதை மூச்சுத் திணறி அழுகும்.

பயற்றங்காய்க்கு ஐந்தாம் நாளும் எட்டாம் நாளும், வெள்ளரிக்கு நான்காம் நாளும் எட்டாம் நாளும், கத்திரிக்கும் மிளகாய்க்கும் ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் எண்ணுங்கள். வேரும் தண்டும் பழுதின்றி வளர்ந்தவற்றை மட்டுமே கணக்கிடல் வேண்டும். வேர் கருகியதும், தண்டு முறுக்கியதும், பூசணம் பூத்து மெலிந்ததும் கணக்கில் சேரா.

இறுதி எண்ணிக்கை முளைப்புத் திறனைக் காட்டும். முதல் எண்ணிக்கை வீரியத்தைக் காட்டும். இரு பொட்டலங்களிலும் எண்பது முளைத்திருப்பினும், முதல் எண்ணிக்கையிலேயே எழுபது முளைத்ததைத் தேர்ந்தெடுங்கள். முப்பதே முளைத்ததை ஒதுக்குங்கள். அறுபது மட்டுமே முளைத்தால், அறுபது செடிக்கு நூறு விதையேனும் ஊன்ற வேண்டியிருக்கும். பாதிக்கும் குறைந்தால் வேறு விதை தேடுவதே நன்று. பொட்டலத்தின் விலையினும் வீணாகும் உழைப்பின் விலை பெரிது.

நிற்க. சில எச்சரிக்கைகளையும் கூறல் வேண்டும். நீரில் அமிழும் விதையெல்லாம் உயிருள்ள விதை என நம்பிவிடாதீர்கள். செத்த விதையும் அமிழும். வெண்டையில் தோல் கடினமான விதைகள் இருக்கும். ஊறாமல் கல்போல் கிடப்பவற்றைச் செத்தவை எனத் தள்ளிவிட வேண்டா. சாயமேற்றிய விதை பெரும்பாலும் நச்சு மருந்து கலந்தது. அதனைச் சமைத்தலும் கோழிக்கு இடுதலும் ஆகா. தொட்ட கையைக் கழுவுங்கள். சோதித்த துணியைப் பிறவற்றிற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மிஞ்சிய விதையை நிழலில் நன்கு உலர்த்தி, இறுக மூடும் போத்தலில் இட்டு, நாளைக் குறித்து வையுங்கள். விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது விதை நூலார் கூறும் பொதுக்கணக்கு. வெப்பம் 5 பாகை செல்சியசு குறைந்தாலும் அவ்வாறே.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. அம்முளையைப் பாத்தியில் காணும்வரை காத்திராது, துணியிலேயே கண்டுகொள்வோம். அடுத்த முறை விதை முளைக்காதபோது, வீட்டுப் பெண்ணின் கையைக் குறை கூறுமுன், நூறு விதைகளை எண்ணிப் பாருங்கள் என வேண்டி, அமைகின்றேன்.