குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எடுத்த கணக்கு



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் குழந்தைகளுக்கு வரும் சளியும் இழுப்புமாகும். மூக்கு ஒழுகாத குழந்தை எங்கே இருக்கின்றது, இதற்கு ஒரு பிரசங்கமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் 2019-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம், ஆர்.எஸ்.வி. என்னும் ஒரே ஒரு வைரஸினால், உலகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது சுமார் 36 லட்சம் தடவை என்றும், அவ்வயதில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு மேல் மாண்டு போயின என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் மதிப்பிட்டிருக்கின்றார்கள். அப்படி மாண்டவற்றில் 100-க்கு 95-க்கு மேற்பட்டவை பணக்கார தேசத்துக் குழந்தைகளல்ல. ஏழை தேசங்களிலும் நடுத்தர வருமானமுள்ள தேசங்களிலும் பிறந்தவைகளேயாகும்.

ஒரு சிசு மூச்சுத் திணறிச் செத்தால் நாம் என்ன சொல்லுகின்றோம்? தலைவிதி என்கின்றோம், கண் திருஷ்டி என்கின்றோம், ஜாதகத்தில் பாலாரிஷ்டம் என்கின்றோம். இவ்வளவு பதில்கள் இருந்தும், அடுத்த குழந்தையைக் காப்பாற்ற இவற்றில் ஒன்றாவது உதவுகின்றதா என்று யோசித்துப் பாருங்கள். நிற்க, வைத்தியர்கள் மாத்திரம் வெகு காலம் என்ன செய்தார்கள்? நிமோனியா என்றும், மூச்சுக்குழல் அழற்சி என்றும் பெயர் கொடுத்தார்கள். பெயர் கொடுப்பது வேறு. காரணம் சொல்லுவது வேறு. காரணம் எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் நாம் இன்று சொல்ல வந்தோம்.

1956-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வாஷிங்டன் பட்டணத்து இராணுவ ஆராய்ச்சி நிலையமொன்றில் வளர்த்து வந்த சிம்பன்ஸிக் குரங்குகளுக்குச் சளி பிடித்தது. அவற்றிடமிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். குரங்கு வியாதி என்றே அதற்குப் பெயரிட்டார்கள். மறு வருஷமே ராபர்ட் சானக் என்கின்ற டாக்டர், பால்டிமோர் நகரத்தில் மூச்சு வியாதியால் அவதிப்பட்ட குழந்தைகளிடம் அதே வைரஸைக் கண்டார். குரங்கு வியாதி என்று எண்ணியது மனிதக் குழந்தையின் வியாதியென்று அப்போதுதான் தெரிய வந்தது.

ஆனால் தோழர்களே, நோயாளிக் குழந்தையின் மூக்கில் ஒரு வைரஸ் இருந்து விட்டதனாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடுமா? ஆகாது. வீட்டில் பூனை இருந்த நாளில் பால் திருட்டுப் போனால், பூனைதான் குடித்தது என்று எப்படி நிச்சயிப்பது? பூனை இல்லாத நாட்களையும் பார்க்க வேண்டும். ஆகவே சானக்கும், ராபர்ட் பாரட் என்கின்ற குழந்தை வைத்தியரும், அவர்களுடைய கூட்டாளிகளும் வாஷிங்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு காரியம் செய்தார்கள். நெஞ்சுச் சளியோடு வந்து சேர்ந்த குழந்தைகளைச் சோதித்தது போலவே, சளி இல்லாமல் வேறு வியாதிகளுக்காக வந்த குழந்தைகளையும் சோதித்தார்கள். ஒரு மாதமல்ல, இரண்டு மாதமல்ல, வருஷக் கணக்காய்ச் சோதித்து எழுதி வைத்தார்கள். இழுப்போடு வந்த சிசுக்களிடம் ஏராளமாய்த் தென்பட்ட வைரஸ், மற்றக் குழந்தைகளிடம் அபூர்வமாகவே தென்பட்டது. வருஷந்தோறும் அது அலை போல் வந்து போவதும், பிறந்து சில மாதங்களே ஆன சிசுக்களையே அதிகமாய் வதைப்பதும் வெளியாயிற்று. இது ஒரு மகானுக்கு உதித்த ஞானமல்ல. மூக்கிலிருந்து எடுத்த சளியும், நோட்டுப் புஸ்தகமும், பொறுமையும் சேர்ந்து சொன்ன சங்கதியாகும்.

இனி இந்தக் கணக்கு விஞ்ஞானிகளையே எப்படிக் கண்டித்தது என்பதையும் கேளுங்கள். 1966-ம் வருஷ வாக்கில் அமெரிக்காவில் இந்த வைரஸைக் கொன்று ஒரு தடுப்பூசி செய்து சிசுக்களுக்குப் போட்டுப் பரீட்சை செய்தார்கள். குளிர்காலம் வந்தது. ஒரு பரீட்சையில் அந்த ஊசி போட்டுக் கொண்டு பிறகு வைரஸ் தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 80 ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. அந்த ஊசி போடாமல் வைரஸ் தொற்றிய குழந்தைகளில் 100-க்கு 5-தான் போக நேர்ந்தது. ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தே போயின. காப்பாற்றுவதற்கென்று போட்டது கெடுதல் செய்தது. இந்தக் கொடுமையை மூடி மறைத்தார்களா? இல்லை. 1969-ல் எண்களோடு அச்சிட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். கணக்கு வைக்காதிருந்தால் அந்த ஊசி இன்னும் எத்தனை சிசுக்களுக்குப் போயிருக்குமோ! தன் தப்பைத் தானே எண்ணிப் பார்த்து வெளியே சொல்லக் கூடியதுதான் அறிவு என்பது நமது துணிபு.

அந்தத் தோல்வியின் காரணத்தைத் தேடியவர்கள் சும்மா இருக்கவில்லை. வைரஸின் மேலுள்ள ஒரு புரதம் நமது உடம்பின் அணுவோடு சேருவதற்கு முன் ஒரு வடிவத்திலும், சேர்ந்த பின் வேறொரு வடிவத்திலும் இருக்கின்றது. முந்திய வடிவத்தை எதிர்த்தால்தான் பலன் அதிகம். அந்த வடிவம் இன்னது என்று 2013-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். அதை வைத்து, கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசிக்கும், சிசுவுக்கே நேராகப் போடும் எதிர்ப்புப் பொருள் ஊசிக்கும் 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் பலனையும் ஆஸ்பத்திரிக் கணக்கைக் கொண்டே பார்த்தார்கள். 2018 முதல் 2020 வரையிலான பருவங்களோடு ஒப்பிட்டால், 2024-25 பருவத்தில் 7 மாதம் வரையுள்ள சிசுக்கள் இந்த வைரஸால் ஆஸ்பத்திரி சேருவது ஒரு கண்காணிப்பின்படி 28 சதவிகிதமும், மற்றொன்றின்படி 43 சதவிகிதமும் குறைந்திருந்தது.

இன்னொரு சங்கதி. 2020-ல் கொரோனா பரவி, ஜனங்கள் வீட்டில் அடைந்தும் முகமூடி போட்டும் இருந்தார்களல்லவா? அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ஆர்.எஸ்.வி. அநேகமாய்க் காணாமற் போயிற்று. கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் 2021-ம் வருஷக் கோடையில், வழக்கமில்லாத காலத்தில், திரும்பி வந்தது. குளிர் மாறவில்லை, கிரகங்கள் மாறவில்லை, மாறியது மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகிய விதந்தான். ஆகையால் வியாதி மூச்சின் வழியாயும் கையின் வழியாயும் நம்மாலேயே குழந்தைக்குப் போகின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, சளி பிடித்த பெரியவர் கைக்குழந்தையைக் கொஞ்சுவதையும் முத்தமிடுவதையும் நிறுத்த வேண்டும். நமக்கு இரண்டு நாள் தும்மலாய்ப் போவது சிசுவுக்கு உயிராபத்தாய் முடியலாம். குழந்தையைத் தூக்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தை இருக்கும் அறையில் பீடி, சிகரெட் புகை கூடாது. இரண்டாவது, வைரஸால் வந்த சளிக்கு ஆண்டிபயாடிக் மாத்திரை வேலை செய்யாது. டாக்டர் சொல்லாமல் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, நீங்களும் கணக்கெடுக்கலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுசாய் ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் 1 வயது வரை 50-ம் அதற்கு மேலும், 1 வயது முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் ஒரு நிமிஷங்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள்.

நாலாவது, கேளுங்கள். எங்கள் குழந்தைக்கு வந்தது எந்த வியாதி, அதைச் சோதித்தீர்களா, எழுதி வைத்தீர்களா என்று மரியாதையாய், ஆனால் தைரியமாய்க் கேளுங்கள். எங்கே கணக்கில்லையோ அங்கே சாவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்தச் சாவு கண்ணுக்குத் தெரிவதில்லையோ அதைத் தடுக்கப் பணமும் ஒதுக்கப்படுவதில்லை. மருந்தும் வந்து சேருவதில்லை. ஏழையின் குழந்தையும் எண்ணிக்கையில் ஒன்று என்று ஆக வேண்டுமானால், முதலில் அதை எண்ண வேண்டும் என்று சொல்லி இம்மட்டில் முடித்துக் கொள்ளுகின்றோம்.