மேனி நிறமும் மனச்சோர்வும்



கிரியான் ஆற்றை ஒட்டிய இந்தப் பண்டார் பாரு வட்டாரத்தில், விடியுமுன் பால்மரம் சீவியும் வெயிலேறச் செம்பனைகளுக்கிடையே உழைத்தும் குடும்பத்தை நிலைநிறுத்திய நம் தாய்மார்களின் கன்னங்களில் படரும் மங்கு என்னும் கருந்திட்டைப் பற்றியும், அதனால் அவர்கள் உள்ளத்தில் எழும் விசாரத்தைப் பற்றியும் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசுவது தகுமா என்று சிலர் கருதக்கூடும். தகும் என்பதே என் துணிபு. பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைக் காரணங்காட்டித் திரும்பிப்போன பின்னர், ஒரு பெண் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தி, படம் எடுக்க மறுத்து, ஊணும் உறக்கமும் குறைந்து வாடுவாளாயின், அதை அலங்கார மோகம் என்று தள்ளிவிடுவது அநியாயம். அது மனச்சோர்வு நோயின் ஆரம்பமாக இருக்கலாம்.

இந்த விசாரத்தையே மூலதனமாகக் கொண்டு ஒரு வியாபாரம் நடக்கிறது. இரவுச் சந்தையிலும் கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் வெளுப்புக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் இருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்து, அவற்றின் பெயர்களை வெளியிட்டிருக்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் நெடுங்காலமாக எச்சரித்து வருகிறது. பாதரச உப்பு, தோலுக்கு நிறந்தரும் மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் முகம் முதலில் வெளுக்கத்தான் செய்கிறது. ஆனால் தோல் வழியே உட்புகும் அதே ரசாயனம், சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, பதற்றத்தையும் மனச்சோர்வையும், சிலருக்குச் சித்தப்பிரமையையுங்கூட உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. துக்கம் தீர வாங்கிய களிம்பே புதிய துக்கத்தை விளைவிக்கிறது என்பதைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன்.

கேரளத்துக் கோட்டக்கல்லில், இத்தகைய களிம்புகளைப் பூசியவர்களிடம் சிறுநீரக நோய் கண்டதை மருத்துவர்கள் 2023இல் வெளிப்படுத்தினார்கள். சில டப்பாக்களில், தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் ஆகியவற்றின் மேல் படலாகாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது பாதரசத்தின் அடையாளம். தாலிக்கொடிக்கு ஆகாத பொருள், அதை அணிந்த கழுத்துக்கு ஆகுமா? ஸ்டீராய்டு கலந்தவையோ, நிறுத்தியவுடன் முகம் சிவந்து எரிவதால், மீண்டும் அதே டப்பாவை நாடச் செய்கின்றன.

களிம்போடு நில்லாமல் லேசர் சிகிச்சைக்குச் செல்வோரும் உளர். நம் போன்ற கருநிறத் தோலில் அது தவறாகப் பிரயோகிக்கப்பட்டால் கருமை மிகுவதுண்டு. சிகிச்சை நன்றாக அமைந்தாலும் மனம் ஆறாதவர்களும் உண்டு: இல்லாத குறையை ஓயாது முகத்தில் காணும் ஒரு மனநோயை மொர்செல்லி என்னும் இத்தாலிய மருத்துவர் 1891இலேயே விவரித்தார்; அந்நோயுடையார் அழகுச் சிகிச்சையால் திருப்தியடைவது அரிது.

மீண்டும் களிம்புக்கே வருகிறேன். நம் நாட்டில் அழகுப்பொருள்களுக்குத் தரப்படும் அறிவிக்கை எண், அவை முன்னதாகச் சோதிக்கப்பட்டன என்பதற்கு அத்தாட்சியன்று. ஆகவே தாய்மார்களே, சந்தேகமான களிம்பை டப்பாவோடு அரசாங்கக் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். தோலைக் காட்டும்போது தூக்கமின்மையையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மனம் சோர்ந்தோர் பேசுவதற்குச் சுகாதார அமைச்சின் 15555 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. மகனுக்குப் பெண் பார்க்கச் செல்லும் பெற்றோரே, அந்த வீட்டில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதிருக்க வேண்டுகிறேன்.