டவரும் டவுரியும்



ஆங்கிலச் சட்ட வாசகங்களைத் தமிழாக்கும் தொழிலில் உள்ள நமக்குக் கடினமான சொற்களைக் காட்டிலும் எளியனவாகத் தோன்றும் சொற்களே மிகுந்த தொல்லை தருவன. இஸ்லாமியக் குடும்பச் சட்டம் பற்றி இந்திய நீதிமன்றங்கள் ஆங்கிலத்தில் எழுதிய தீர்ப்புகளில் 'டவர்' என்றொரு சொல் வருகிறது. அகராதியில் அதன் அருகிலேயே 'டவுரி' நிற்கிறது. அவசரத்தில் இரண்டுக்கும் 'சீதனம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது எளிது. ஆனால் அந்த ஒரு சொல்லால் ஒரு விதவையின் பங்கே குறைந்து போகக்கூடும்.

'டவுரி' பெண் வீட்டார் கொடுப்பது. நீதிபதிகள் 'டவர்' என்று குறித்ததோ மஹர்; அதாவது, மணமகன் மணமகளுக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட பொருள். அது அவள் தந்தையைச் சேராது, தமையனைச் சேராது; அவளையே சேரும்.

அப்படியானால் நீதிபதிகள் அச்சொல்லை ஏன் எடுத்தார்கள்? வேறு சொல் அகப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் 'டவர்' என்பது, கணவன் இறந்தபின் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பாகத்தை விதவை தன் ஆயுள் மட்டும் அனுபவிக்கும் உரிமை. 1925ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. மஹரோ ஆயுளோடு முடிவதன்று. அது கணவன் பட்ட கடன். மனைவி இறந்தால் அவளுடைய வாரிசுகளும் அதைக் கேட்கலாம்.

இவ்வேற்றுமையின் வேர் ஆழமானது. இங்கிலாந்தின் பொதுச் சட்டம் கணவனையும் மனைவியையும் ஒரே ஆளாகக் கருதிற்று. அந்த ஒருவர் கணவனே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மணமான அன்றே மனைவியின் ரொக்கமும் நகையும் கணவனுடையவை ஆயின. செல்வர்கள் தம் பெண்களுக்காக டிரஸ்டு எழுதிவைத்துத் தப்பினார்கள். ஏழைப் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. அவள் உழைத்துப் பெற்ற கூலி அவளுக்கே என்று ஆனது 1870இல். சொத்து முழுவதும் அவளுடையதாக நின்றது 1882இல். இஸ்லாமியச் சட்டத்தில் விவாகம் சொத்துக்களை ஒன்றாக்குவதில்லை. மனைவியின் பொருள் தொடக்கமுதலே மனைவியின் பொருள்.

மரணசாசனத்திலும் இவ்வாறே. இங்கிலாந்தில் ஒருவர் தம் சொத்து முழுவதையும் அந்நியருக்கு எழுதிவைத்து, மனைவி மக்களை வெறுங்கையோடு விட்டுச் செல்லலாம் என்றிருந்தது. 1938இல்தான் நீதிமன்றம் தலையிட வழி பிறந்தது. இஸ்லாமியச் சட்டப்படி மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் சாசனம் செல்லாது, வாரிசுகள் சம்மதித்தாலன்றி. ஆயினும் இங்கே மகளின் பங்கு மகனின் பங்கில் பாதியே. சாசனமின்றி இறந்தவரின் மக்களை இங்கிலாந்து சமமாகவே நடத்துகிறது. அந்த இடத்தில் தராசு அப்பக்கம் சாய்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

மணவிலக்கு தனியே பேச வேண்டிய பொருள். பெருந்தொகையான மஹர், கணவனின் அவசரத் 'தலாக்'குக்கு ஒரு தடையாக இருந்தது என்பதை மட்டும் இங்கே குறிப்போம். ஒரே மூச்சில் மும்முறை சொல்லும் தலாக்கை உச்ச நீதிமன்றம் 2017இல் செல்லாதென்றது. 2019இல் அது குற்றமும் ஆயிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒருவர் 80,000 ரூபாய் விட்டு இறந்தார். வேறு கடனோ சாசனமோ இல்லை. மனைவியும் மக்களும் உண்டு. கொடுபடாத மஹர் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்தக் கடன் தீர வேண்டும். மிஞ்சிய 72,000இல் மனைவிக்கு எட்டில் ஒன்று, 9,000. ஆக அவளுக்கு 17,000. மஹரைச் 'சீதனம்' என்று எழுதிக் கடன் என்ற நினைவே எழாதபடி செய்துவிட்டால் அவளுக்குக் கிடைப்பது 10,000.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. உடனே கொடுக்க வேண்டிய மஹருக்கும், பின்னர் கொடுக்க வேண்டிய மஹருக்கும் அரபியில் வெவ்வேறு எழுத்துக்கள். தமிழில் எழுதினாலோ இரண்டும் 'முஅஜ்ஜல்'தான்! வடநாட்டில் மஹரின் பெரும்பகுதியைப் பின்னுக்கு நிறுத்தி எழுதும் வழக்கம் மிகுதி. ஆகவே அங்கே குடியிருந்து நிக்காஹ் செய்விக்கும் நம்மவர்கள், 'கேட்டவுடன் கொடுப்பது', 'பின்னர்க் கொடுப்பது' என்று வெளிப்படையாகவே எழுதிக் கேட்பது நலம்.

1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. முஸ்லிம்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்று அது பெயர் சொல்லியே விலக்கியுள்ளது. நம் ஊர் முஸ்லிம்களிடையே 'கைக்கூலி' என்ற பெயரில் மாப்பிள்ளை வீட்டார் வாங்கும் தொகைக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை.