வானமா, ஆழ்கடலா?



மனிதன் நிலாவுக்குப் போய் வந்த கதை நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். நிலா ஏறத்தாழ 384,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான கடற்பகுதி பசிபிக் மாக்கடலின் மரியானா அகழி. அதன் ஆழம் சுமார் 11 கிலோமீட்டர்தான். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குச் சைக்கிளில் போகும் தூரம். ஆயினும் 1969 முதல் 1972 வரை 12 பேர் நிலாவில் நடந்தார்கள். மரியானா அகழியின் அடிக்குச் சென்றவர்களோ 2012 வரை மூன்றே பேர். பக்கத்தில் இருப்பது எட்டாமற் போனது ஏன்?

முதற்காரணம் அழுத்தம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்று, கட்டைவிரல் நகத்தளவு இடத்தை ஏறக்குறைய ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. விண்வெளியில் காற்று இல்லை. ஆகவே, கலத்தின் உள்ளே நிரப்பிய காற்றின் அழுத்தத்தை மட்டும் அதன் சுவர் தாங்கினால் போதும். கடலிலோ பத்து மீட்டர் இறங்கும்போதெல்லாம் இன்னொரு கிலோ கூடுகிறது. அகழியின் அடியில் அதே நகத்தளவு இடத்தில் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தும்.

அதற்காக விண்வெளிப் பயணம் எளிதென்று எண்ணிவிடக் கூடாது. 1971-இல் சோவியத் நாட்டின் சோயுஸ் 11 கலம் பூமிக்குத் திரும்பும்போது ஒரு வால்வு திறந்து காற்று வெளியேறியது. உள்ளே இருந்த மூவரும் மாண்டனர்.

இரண்டாவது காரணம் செய்தித் தொடர்பு. 1970-இல் அப்போலோ 13 கலத்தில் பிராணவாயுத் தொட்டி வெடித்தபோது, பூமியிலிருந்த நிபுணர்கள் ரேடியோ வழியே வழிகாட்டி மூவரையும் உயிருடன் மீட்டார்கள். கடல்நீரில் ரேடியோ அலை வெகுதூரம் செல்லாது. அங்கே ஒலி அலைகளைத்தான் நம்ப வேண்டும்.

அப்படியானால் கடலுக்குள் போனவர்கள் எப்படி மீண்டார்கள்? 1960 ஜனவரி 23-ஆம் நாள் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்தே என்னும் கலத்தில் அகழியின் அடியை அடைந்தார்கள். இறங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அங்கே தங்கியது இருபது நிமிடம். கலம் மேலே வர, அதிலுள்ள இரும்புக் குண்டுகளைக் கொட்ட வேண்டும். அக்குண்டுகளை மின்காந்தம் பிடித்திருந்தது. மின்சாரம் நின்றுபோனால் குண்டுகள் தாமே கொட்டிவிடும். கலமும் தானே மேலே வரும். பழுது ஏற்படும் என்று முன்கூட்டியே எண்ணிச் செய்த ஏற்பாடு அது!

2023 ஜூன் மாதம் டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காணச் சென்ற டைட்டன் நீர்மூழ்கி, அழுத்தத்தால் நொறுங்கி ஐந்து பேர் உயிரிழந்தனர். அக்கலம் எந்த அமைப்பிடமும் தகுதிச் சான்று பெற்றதில்லை. அதன் கட்டமைப்பு ஆபத்தானது என்று முன்பே எச்சரித்தவர்களும் உண்டு. இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று 2025-இல் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விசாரணை அறிக்கை கூறியது.

செம்பனை ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இது புதிய பாடமன்று. பாய்லரும் அழுத்தத்தைத் தாங்கும் பாத்திரம்தான். அதைச் சோதித்துச் சான்று கொடுத்த பிறகே நெருப்பு மூட்ட வேண்டும். "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பது சான்றாகாது.

வானமாயினும் கடலாயினும் ஆலையாயினும், துணிவு நம்மை உள்ளே அழைத்துச் செல்லும். சோதனையும் எச்சரிக்கையுமே நம்மை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும். இதை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வோம்.